பாறு கழுகுகளைக் கொன்ற மாட்டு ஊசி

மாசு பற்றி நான் படித்த ஒரு கட்டுரை ஆலைக்கழிவையும் பூச்சிக்கொல்லியையும் மட்டுமே பேசுகிறது. மாட்டுக்குப் போடும் வலி ஊசியையும் சேர்த்திருக்க வேண்டும். டைக்ளோஃபெனாக் என்னும் அந்த வலி மருந்து போட்ட மாடு ஓரிரு நாளில் செத்தால், மருந்து அதன் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கியிருக்கும். அந்தப் பிணத்தைத் தின்ற பாறு கழுகுக்கு, அதாவது பிணந்தின்னிக் கழுகுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகள்மேல் வெள்ளையாகப் படியும். சில நாளில் சாவு. ஒரே பிணத்தைப் பெருங்கூட்டம் தின்பதால், நூறில் ஒரு பிணத்துக்கும் குறைவாக மருந்திருந்தாலே இனம் சரிந்துவிடும். இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தது இப்படித்தான். தின்னப் பாறு இல்லாமல் மிஞ்சிய பிணங்களைத் தின்று தெருநாய்கள் பெருகின.

2006இல் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்குக்குத் தடை வந்தும், மனிதருக்கான பெரிய குப்பிகள் தொழுவத்துக்குப் போயின. அதனால்தான் 2015இல் குப்பியை 3 மில்லிலிட்டராகக் குறைத்தார்கள். அசெக்ளோஃபெனாக் என்னும் இன்னொரு வலி மருந்தும் மாட்டின் உடலில் டைக்ளோஃபெனாக்காகவே மாறும். பாறுகள் வாழும் நீலகிரியின் மோயாறு பள்ளத்தாக்கை ஒட்டி மாடு வளர்ப்பவர்கள் தயவுசெய்து கால்நடை மருத்துவரிடம் வலிக்கு மெலாக்சிகம் என்னும் மருந்தைக் கேளுங்கள். பாறுகளுக்கு அது பாதுகாப்பானது.