சீலர் அடித்தாலும் மார்பிளுக்கு வினிகர் ஆகாது

"சீலர் (கறை ஊறாமலிருக்கக் கல்லின் மேல் பூசும் திரவம்) அடித்துவிட்டால் மார்பிளோ கிரானைட்டோ, எதையும் வினிகர் கலந்த தண்ணீரில் துடைக்கலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மார்பிளில் இதைச் செய்துவிடாதீர்கள்.

மார்பிள், சுண்ணாம்புக்கல் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி உண்டானது. பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அமிலம் பட்ட இடம் கரைந்துவிடும். சீலர் நுண்துளைகளுக்குள் இறங்கி எண்ணெயும் காபியும் ஊறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். மேற்பரப்பு அரிப்பதை அது தடுக்காது. சுண்ணாம்புக்கல் வகையான டிராவர்டைனுக்கும் இதே கதிதான்.

எலுமிச்சைச் சாறு சிந்திய இடத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள்: நிறம் மாறியிருக்காது, பளபளப்பு மட்டும் போய் மங்கலாக ஒரு வட்டம் தெரியும். அது கறையல்ல, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. மார்பிள் பாலிஷ் பவுடர்தான் வழி. ஆழமாக அரித்திருந்தால் ஆள் வைத்து மெருகேற்ற வேண்டும்.

கருமையாகத் தெரிந்தால் எண்ணெய் ஊறியிருக்கிறது. சமையல் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து அரை சென்டிமீட்டர் கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி 24 மணி நேரம் விடுங்கள். பிறகு தாளை எடுத்து, நன்றாகக் காய்ந்தபின் சுரண்டி எடுக்கலாம். பழைய கறைக்கு இரண்டு மூன்று முறை தேவைப்படும்.

கிரானைட்டில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமங்கள் இருப்பதால் வினிகரைப் பெரும்பாலும் தாங்கும். ஆனால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்த துருநீக்கி அதையும் அரித்துவிடும். அன்றாடம் துடைக்க, அமிலமோ காரமோ இல்லாத நடுநிலை கிளீனரே போதும்.