ஆரோன் ஜட்ஜை ஸ்கவுட்டுகள் ஒதுக்கவில்லை

"பள்ளியில் படித்தபோது ஆரோன் ஜட்ஜை எந்த பேஸ்பால் அணியும் சீண்டவில்லை, இன்று அவர் உலக நட்சத்திரம்" என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றி வருகிறது. இது உண்மையல்ல.

2010 டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் புதிய வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு), கலிஃபோர்னியாவின் லிண்டன் பள்ளி மாணவராக இருந்த ஜட்ஜை ஓக்லண்ட் அணி 31ஆம் சுற்றில் தேர்ந்தெடுத்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல் ஃப்ரெஸ்னோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர் ஜட்ஜ்தான். 2013இல் நியூயார்க் யாங்கீஸ் அணி அவரை முதல் சுற்றிலேயே, ஒட்டுமொத்தத்தில் 32ஆவது வீரராக எடுத்தது. மேஜர் லீக் பேஸ்பாலின் அதிகாரபூர்வ இணையதளத்தில் உள்ள டிராஃப்ட் பட்டியல்களில் இதை யாரும் சரிபார்க்கலாம்.

பிந்திய சுற்றில் எடுக்கப்பட்டாலே திறமையை யாரும் காணவில்லை என்றாகிவிடாது. அணிகளுக்காகத் திறமையான வீரர்களைத் தேடும் ஸ்கவுட்டுகள், பந்தை அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் அமர்ந்து ரேடார் கருவியில் பந்தின் வேகத்தைக் குறிப்பார்கள். அடித்தவர் முதல் தளத்தைத் தொட எத்தனை விநாடி என்று ஸ்டாப்வாட்சில் பார்ப்பார்கள். அதோடு வீட்டாரிடமும் பேசுவார்கள்: பையன் கையெழுத்திடுவானா, கல்லூரிக்குப் போவானா? கல்லூரிதான் என்று உறுதியாக இருப்பவரை முன்வரிசையில் எடுத்து அந்த வாய்ப்பை இழக்க அணிகள் தயங்கும். இதே போல பந்துவீச்சாளர் கெரிட் கோல் 2008இல் யாங்கீஸின் முதல் சுற்றுத் தேர்வையே மறுத்துக் கல்லூரிக்குப் போனார்; 2011 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார்.

நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்தவர் பொதுவாக மூன்றாம் ஆண்டை முடித்தோ 21 வயதை எட்டியோதான் மீண்டும் டிராஃப்டுக்குத் தகுதி பெறுவார். படிப்பைத் தேர்ந்த ஒரு மாணவரின் முடிவைப் புறக்கணிப்புக் கதையாக்குவது அவருக்கும் நியாயமல்ல, விளையாடும் பிள்ளைகளுக்கும் நல்லதல்ல. அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து பகிர வேண்டாம். அனுப்பியவரிடம் இந்த விவரத்தைச் சொல்லுங்கள்.