மாத்திரையை அட்டையோடு கொடுங்கள்

அம்மாவின் மாத்திரைப் பெட்டியை ஞாயிற்றுக்கிழமை இரவுதான் நிரப்புவேன். 7 நாள், மூன்று வேளை, 21 குழி. போன புதன்கிழமை குழியைத் திறந்தால், வலிப்புக்குச் சாப்பிடும் சோடியம் வால்ப்ரோயேட் மாத்திரை அடியில் ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. நகத்தால் நெம்பி எடுத்தேன். வெளிர் ஊதா மேல்பூச்சு பாதி பிளாஸ்டிக்கிலேயே நின்றுவிட்டது, விரலில் மழைக்கால வெல்லம் மாதிரி பிசுபிசுப்பு. பக்கத்தில் இருந்த ரத்த அழுத்த மாத்திரையிலும் ஊதாக் கறை. அம்மா நிறம் பார்த்துத்தான் மாத்திரை சாப்பிடுவார், "இது என்னோடது இல்லை" என்று தள்ளி வைத்துவிட்டார்.

மருத்துவமனையில் அட்டையோடுதான் கொடுத்தார்கள். பிதுக்கி எடுத்துப் பெட்டியில் போட்டது நான். இந்த மருந்து காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சாப்பிடும் நேரம் வரை அட்டையை விட்டு எடுக்கவே கூடாது. பினாங்கில் ஜாடி உப்பே நீர் விடுகிறது, மாத்திரை எம்மாத்திரம்?

அட்டையில் இருக்கும் காலாவதித் தேதியை நம்பித்தானே நாம் சாப்பிடுகிறோம். மலேசியா மாதிரி நாடுகளுக்கு மருந்தை 30 டிகிரி வெப்பம், 75 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்துச் சோதித்துத்தான் அந்தத் தேதியைப் போடுகிறார்கள் (ஐரோப்பாவுக்கு 25 டிகிரி, 60 விழுக்காடு போதும்), ஆனால் அந்தச் சோதனை முழுக்க மூடிய அட்டைக்குள், மூடிய பாட்டிலுக்குள் இருக்கும் மாத்திரைக்குத்தான். பிதுக்கி எடுத்த பிறகு அந்தத் தேதிக்கு யாரும் பொறுப்பில்லை.

அப்புறம் கிளினிக்குகள். எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) உள்ள ஒரு கிளினிக்கில் ஆஸ்பிரின் வாங்கினேன், சின்ன ஜிப் பையில் உதிரியாகப் போட்டு, பேரும் வேளையும் மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். காலாவதித் தேதி இல்லை. மூன்று வாரம் கழித்துப் பையைத் திறந்தால் லேசாகக் காடி வாடை. ஈரம் பட்டால் ஆஸ்பிரின் உடைந்து அசிட்டிக் அமிலம் வரும், காடியின் புளிப்பும் அதுதான்.

சரி, இதெல்லாம் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரிகிறது. எனக்குப் பெரிய பயம் தெரியாததில்தான். பட்டர்வொர்த்தில் இருக்கும் பெரியம்மா, நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் கிளிசரில் டிரைநைட்ரேட் மாத்திரையை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு கைப்பையில் வைத்திருந்தார். அந்த மருந்து ஆவியாகிப் போய்விடும், பிளாஸ்டிக்கும் அதை உறிஞ்சிக்கொள்ளும். மாத்திரை மட்டும் அதே வெள்ளையாக, அதே அளவில் இருக்கும், நெஞ்சுவலி வரும்போதுதான் விஷயம் தெரியும்.

மாத்திரைப் பெட்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் அம்மா இரண்டு வேளை மறந்துவிடுவார். நிறைய மாத்திரைகள் ஒரு வாரம் பெட்டியில் தாங்கும். எது தாங்கும், எது தாங்காது என்று மருந்தகத்தில் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள், அதுதான் அவர்கள் வேலை. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் டாபிகாட்ரான் மாதிரி சிலது அதன் சொந்த அட்டையில் அல்லது பாட்டிலில்தான் இருக்க வேண்டும், ரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபினுக்கு வெளிச்சம் ஆகாது. அட்டையைத் துண்டு துண்டாகக் கத்தரித்துப் பெட்டியில் போடலாமே என்று நானும் நினைத்தேன், ஆனால் கண் மங்கிய பெரியவர்கள் அட்டையோடு விழுங்கிக் குடலைக் கிழித்துக்கொண்டது உண்டு. அதனால் இப்போது வால்ப்ரோயேட் குழியைக் காலியாக விட்டு, "அட்டையில் இருக்கு" என்று துண்டுக் காகிதம் வைக்கிறேன்.

கிளினிக் வைத்திருப்பவர்களே, ஒற்றை ஒற்றையாக இல்லாமல், வேண்டிய அளவுக்கு அட்டையைக் கத்தரித்தாவது கொடுங்கள், பிதுக்கிக் கொடுக்காதீர்கள். தேதியையும் பை மேல் எழுதுங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது.

பெரியம்மாவுக்கு நேற்று அந்த நெஞ்சுவலி மாத்திரையைக் கண்ணாடி பாட்டிலில் புதிதாக வாங்கிக் கொடுத்து, திறந்த தேதியை மூடி மேல் எழுதிவிட்டு வந்தேன். 8 வாரத்தில் மாற்ற வேண்டும்.