எட்டாத இடத்தை முதலில் போட்டால் இரண்டாவதும் போய்விடுமா?

அமெரிக்க ரெசிடென்சி மேட்சில் (மருத்துவம் படித்தவர்களும் மருத்துவமனைகளும் தரும் விருப்பப் பட்டியல்களைப் பொருத்தி, பயிற்சி இடம் ஒதுக்கும் முறை) எட்டாத இடத்தை முதலாவதாகப் போட்டால், கிடைக்கவேண்டிய இரண்டாவது இடமும் கைநழுவும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் பகிர்வதால் சொல்கிறேன்: அப்படி நடக்காது.

இந்த மேட்சை நடத்தும் என்.ஆர்.எம்.பி. அமைப்பு 1998 முதல் பயன்படுத்தும் கணக்கு விண்ணப்பதாரரின் விருப்ப வரிசையிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முந்தைய முறை மருத்துவமனைகள் பக்கமிருந்து தொடங்கியது. அந்தக் காலத்துப் பயம் இன்னும் சுற்றுகிறது போல.

நம்பாவிட்டால் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். அ, ஆ என இரண்டு மருத்துவமனைகள், தலா ஓர் இடம். ரவியின் வரிசை: அ, பிறகு ஆ. ஆனால் அ-வின் பட்டியலில் ரவியின் பெயரே இல்லை. மாலா ஆ-வை மட்டும் போட்டிருக்கிறார். ஆ-வின் பட்டியலில் ரவி மாலாவுக்கு மேலே. சரி, மாலாவை முதலில் எடுத்தால்? ஆ-வில் தற்காலிகமாக உட்காருவார். அப்புறம் ரவி அ-வில் இடமில்லாமல் ஆ-வுக்கு வருவார், மாலா எழுந்துகொள்ள வேண்டியதுதான். ரவி தாமதமாக வந்ததற்குத் தண்டனை கிடையாது. ரவியை முதலில் எடுத்தாலும் இதே விடைதான்.

என்.ஆர்.எம்.பி. தளத்திலும் இதுபோன்ற எடுத்துக்காட்டு படிப்படியாக இருக்கிறது.