செலவிடுதலும் செலவழித்தலும்

வரவு செலவுத் திட்டம் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்படும் நாள்களில், கொழும்பில் வெளியாகும் தமிழ்ச் செய்திகளில் ஒரு சொல் என்னை உறுத்துகிறது. பாடசாலைக் கட்டடத்துக்கும் பணம் 'செலவழிக்கப்படுகிறது'. சொகுசு வாகனத்துக்கும் அவ்வாறே 'செலவழிக்கப்படுகிறது'. முன்னதற்குச் 'செலவிடப்படுகிறது' என்று எழுதுவதே பொருத்தம் என்பது என் கருத்து.

செல் என்னும் வினையிலிருந்து பிறந்த செலவு, பழந்தமிழில் பயணத்தைக் குறித்தது. பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவியை ஆற்றுவிப்பதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போடுவதைத் தொல்காப்பியம் 'செலவிடை அழுங்கல்' என்கிறது. (அவன் காசை மிச்சம்பிடித்தான் என்று இன்றைய மாணவர் எவரேனும் பொருள் எழுதினால் அவரைக் குறைசொல்ல முடியாது.) குறளில் 'சென்ற இடத்தால் செலவிடா' என்று வருவதற்கு, மனத்தைப் போன போக்கில் போகவிடாமல் என்பது பொருள், பணம் வெளியேறும் வழியைச் சொல்ல நேர்ந்த இடத்தில் வள்ளுவர் 'போகாறு' என்ற வேறொரு சொல்லை எடுத்தாண்டார். ஆகவே செலவிடுதல் என்பது ஒன்றைப் போகவிடுதல். எங்கே போகவிடுவது என்ற தெரிவு விடுபவருடையது. செலவழித்தலிலோ அழித்தலும் ஒட்டிக்கொண்டு வருகிறது.

போதல் என்ற பொருள் பேச்சில் இன்னும் மறையவில்லை. 'இந்தச் சரக்கு நல்லாச் செலவாகும்' என்று கடைக்காரர் சொன்னால், அது விற்றுப்போகும் என்று பொருள். நாணயம் கைமாறி ஓடுவது செலாவணி. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது எரிபொருள் வரிசைகளில் நின்றவர்களுக்கு இச்சொல்லை விளக்கத் தேவையில்லை.

வெள்ளவத்தை அடுக்குமாடி வீடொன்றில் 'எட்டுச் செலவு' என்ற அழைப்பின்பேரில் வந்திருந்த மலையக நண்பர் ஒருவர், அவை என்னென்ன செலவுகள் என்று என்னிடம் மெல்லக் கேட்டார். இறந்தவருக்கு எட்டாம் நாளில் யாழ்ப்பாணத்தார் செய்யும் சடங்கு அது. தலைவாழையிலையில் அவர் விரும்பிய மீன்குழம்பும் பொரியலும், ஓரத்தில் ஒரு சுருட்டும் படைக்கப்பட்டிருந்தன. பயணம் என்ற பழைய பொருளே அந்தப் பெயரில் தங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது.

செலவழித்தல் பிழையான சொல் என்று நான் வாதாடவில்லை. விரயத்தைச் சொல்ல அது நன்றாகவே உதவும். ஆனால், நோயுற்ற தாயுடன் 'நேரத்தைச் செலவழித்தேன்' என்று இங்கே பலர் எழுதுகிறார்கள். அதைச் 'செலவிட்டேன்' என்று திருத்துவதைக் காட்டிலும், 'அம்மாவோடு இருந்தேன்' என்று எழுதிவிடலாம்.