அந்த அக்கா வீட்டுக்கு ஒரு ஸ்டார் போட்ட அண்ணனுக்கு

மூன்று நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். குழுவில் நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள், அதனால் முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. இலங்கையில் கண்டியில் நான் சொல்லி அனுப்பிய கெஸ்ட் ஹவுசுக்கு ஒரு ஸ்டார் போட்டு, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம் குழுவிலும் போட்டு, "யாரோ சொன்னதை நம்பிக் குடும்பத்தோடு போய் ஏமாந்தேன்" என்று அண்ணன் எழுதினாரே, அதைப் பற்றித்தான். அந்த "யாரோ" நான்தான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். கிளம்பும் முன் நான்கு முறை போன் செய்து என்னிடம்தான் விவரம் கேட்டார். திரும்பி வந்த பிறகு ஒரு முறை கேட்டிருக்கலாம்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். அது ஹோட்டல் இல்லை, ஒரு குடும்பம் வாழும் வீடு. கீழே அதை நடத்தும் அக்காவும் அவர் குடும்பமும் இருக்கிறார்கள், மேலே மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள். என்ன இருக்கும், என்ன இருக்காது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். ஏசி கிடையாது. லிஃப்ட் கிடையாது. ரோட்டிலிருந்து 58 படி ஏற வேண்டும். வெந்நீர் வேண்டுமென்றால் அரை மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும். குரங்கு வரும், ஜன்னலைச் சாத்தி வைக்க வேண்டும். இவ்வளவையும் நானும் வாட்ஸப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, கட்டைவிரலும் வந்தது. அப்புறம் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வந்து, ஏசி இல்லை, லிஃப்ட் இல்லை, படி அதிகம், வெந்நீர் உடனே வரவில்லை, குரங்குத் தொல்லை என்று எழுதினால் என்ன அர்த்தம்? மறைத்திருந்தால் அது ஏமாற்று. சொன்னது சொன்னபடி இருந்ததை எப்படி ஏமாற்று என்கிறீர்கள்?

கண்டி மலைக்குள் இருக்கிற ஊர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம். ஊட்டி மாதிரி நடுங்க வைக்காது, ஆனால் ராத்திரி ஃபேனைக் குறைத்துப் போர்த்திக்கொண்டுதான் படுத்தோம். ஏரியைச் சுற்றிச் சரிவு சரிவாகத்தான் வீடுகள். நம்மைப் போன்றவர்கள் கொடுக்கக்கூடிய வாடகையில் நான் பார்த்த அறைகள் எல்லாம் மேட்டில்தான் இருந்தன. புத்தரின் பல்லை வைத்திருக்கிற கோயிலான தலதா மாளிகைக்குப் பின்னாலேயே உடவத்தகெலே என்று ஒரு காடு இருக்கிறது. பக்கத்தில் காடு இருந்தால் குரங்கு வரத்தான் செய்யும். தேவனாம்பட்டினத்தில் வீடு எடுத்துவிட்டு உப்புக்காற்று அடிக்கிறது என்று யாராவது புகார் சொன்னால் நாம் ஒத்துக்கொள்வோமா?

நான் போனது அம்மாவோடும் பையனோடும். கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். கடுகண்ணாவை ஏற்றத்தில் ரயில் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும்போது பையன் ஜன்னலை விட்டு நகரவே இல்லை. கண்டியில் இறங்கும்போது இருட்டிவிட்டது, நல்ல மழை. புது ஊர், புது நாடு, வயசான அம்மா, சின்னப் பையன். உள்ளுக்குள் பயம்தான். அக்கா வீட்டுக்காரர் ஓட்டோவோடு வந்து ஸ்டேஷன் வாசலில் காத்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி. பாதிப் படி ஏறியதும் நின்றுவிட்டார். அக்காவின் மகன் மேலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து படிக்கட்டுத் திருப்பத்தில் போட்டான். நாங்கள் இருந்த மூன்று நாளும் அந்த நாற்காலி அங்கேயே இருந்தது. ராத்திரிக்கு 4,500 இலங்கை ரூபாய், நம் பணத்தில் 1,300 ரூபாய்க்குள். காலையில் ரொட்டி, தேங்காய்ச் சம்பல், பருப்பு, பிளேன்டீ. இரண்டாம் நாள் காலையில் அம்மாவைக் காணோம் என்று தேடினால் அக்காவோடு அடுக்களையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறார்.

அன்று சாயங்காலம் அக்கா அம்மாவைப் பத்தினி தேவாலயத்துக்குக் கூட்டிப்போனார். தலதா மாளிகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பத்தினி வேறு யாரும் இல்லை, நம் கண்ணகி. வருடா வருடம் கண்டியில் நடக்கும் எசல பெரஹரா திருவிழா ஊர்வலத்தில் தலதா மாளிகையோடு நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி என்று நான்கு தேவாலயங்களும் சேர்ந்துதான் வரும் என்று அக்கா சொல்லச் சொல்ல அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பூம்புகாரைக் கடலூரிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடுகிற ஊராக மட்டுமே அவர் நினைத்திருந்தார்.

"கண்டியில் ஒரு ஏரி, ஒரு கோயில், வேறு ஒன்றுமில்லை" என்றும் எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. அந்த ஏரியை 1807-இல் வெட்டியவர் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன். நாயக்கர் வம்சம், இயற்பெயர் கண்ணுசாமி. 1815-இல் ஆங்கிலேயர் அவரைப் பிடித்து, மறு வருடம் வேலூர் கோட்டைக்கு அனுப்பினார்கள். அங்கேயே இருந்து 1832-இல் இறந்தார். கல்லறை வேலூரில் பாலாற்றங்கரையில் இருக்கிறது. உங்கள் மாமனார் ஊர் வேலூர். இது தெரியாதது குற்றம் இல்லை, எனக்கும் அக்கா வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். ஏரிக்கரையில் நின்று கையை நீட்டி, "அந்த மதில் வேலை முடியுறதுக்குள்ள ராஜாவைப் புடிச்சிட்டாங்க" என்று காட்டினார். உங்களையும் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நீங்கள்தான் டயர்டாக இருக்கிறது என்று அறையிலேயே இருந்துவிட்டீர்கள்.

சரி, இப்போது குழுவில் வந்த பதில்களுக்கு வருகிறேன்.

"பணம் கொடுத்தவனுக்குக் குறை சொல்ல உரிமை இல்லையா?" இருக்கிறது. அக்காவிடமே சொல்லியிருக்கலாம், கீழேதான் இருந்தார். என்னிடம் சொல்லியிருக்கலாம். மூன்று ஸ்டார் போட்டு, "சொன்னபடி இருந்தது, ஆனால் எங்களுக்கு ஒத்துவரவில்லை" என்று எழுதியிருந்தால் நானே அதற்கு லைக் போட்டிருப்பேன். அந்த வீட்டுக்கு அதுவரை 11 பேர்தான் எழுதியிருந்தார்கள். ஒன்பது பேர் ஐந்து, இரண்டு பேர் நான்கு. சராசரி 4.8. உங்கள் ஒன்றைச் சேர்த்ததும் 4.5. மூவாயிரம் பேர் எழுதிய ஹோட்டலுக்கு ஒரு ஸ்டார் என்பது கடலில் விழுந்த தூறல். மூன்று அறை வைத்திருப்பவருக்கு அது அடுத்த மாத அரிசி. 2022 மார்ச்சில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்கூடக் கரண்ட் இல்லாமல், கேஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று, ஒரு விருந்தாளியும் வராமல் அந்த வீட்டை மூடாமல் காப்பாற்றியவர் அவர். 2011-இல் தானே புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த நமக்கு இது புரியாதா?

"வயசானவர்கள் 58 படி எப்படி ஏறுவார்கள்?" நியாயம். ஏற முடியாதவர்கள் அங்கே போக வேண்டாம். அதனால்தான் எண்ணிக்கையோடு எழுதியிருக்கிறார்கள்.

"கமிஷன் எவ்வளவு?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு 23 பேர் சிரிப்புப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெயர்களை எல்லாம் பார்த்தேன். பாதிப் பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள். எனக்கு ஒரு ரூபாய் வந்ததில்லை. புக்கிங் தளத்துக்கு 15 சதவீதம் போகிறது, நேரடியாகப் பேசினால் அக்காவுக்கு அது மிச்சமாகும் என்றுதான் நம்பரைக் கொடுத்தேன். இந்தக் குழுவில் ஆறு வருடமாக டிக்கெட், விசா, பஸ் நேரம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ராத்திரி பதினோரு மணிக்கும் பதில் எழுதியிருக்கிறேன். ஒரு நாளாவது யாரிடமாவது காசு கேட்டேனா? ஒருவராவது அந்தக் கமெண்டுக்குக் கீழே "அப்படிப்பட்டவர் இல்லை" என்று எழுதவில்லை. இதை மறந்துவிடச் சொல்கிறார்கள். மறக்க முடியவில்லை.

அண்ணனுக்கு ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டும். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் பெரியம்மா மாடியில் இரண்டு அறை விடுகிறார். சனி ஞாயிறு வந்தால் பெங்களூர் வண்டிகள் தெருவை அடைத்து நிற்கும், உங்களுக்கே தெரியும். போன வருடம் மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வருகிற சமயத்தில் ஒரு குடும்பம் வந்து தங்கியது. மேளச் சத்தம், கூட்டம், கார் எடுக்க வழி இல்லை என்று ஒரு ஸ்டார் போட்டுவிட்டுப் போனார்கள். பெரியம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. படிக்கச் சொல்லி போனை என்னிடம் நீட்டினார். நான் பாதியை விட்டுவிட்டுப் படித்தேன். விட்டதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வாரம் அந்த அறைகளைத் திறக்கவே இல்லை. அதை நான் குழுவில் எழுதியபோது, "ஊர்த் திருவிழாவைக் குறை சொல்றவனுக்கு அந்த ஊர்ல என்ன வேலை" என்று முதலில் கமெண்ட் போட்டது யார்? நீங்கள்தான் அண்ணா. தேடிப் பார்த்தேன், இன்னும் இருக்கிறது. பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன், "நல்ல புள்ள" என்றார்.

இதுவரை எழுதியதை எல்லாம் ஒருவேளை நான் விட்டுக்கொடுத்துவிடுவேன். படி, ஏசி, ஸ்டார், கமிஷன் எல்லாவற்றையும். விட முடியாதது ஒரே ஒரு வார்த்தை. ரிவ்யூவின் கடைசி வரியில் தமிழில், "ரூம் நம்ம ஊர் லைன் வீடு மாதிரி இருக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள்.

நமக்கு லைன் வீடு என்றால் ஒட்டி ஒட்டி வரிசையாக இருக்கிற வாடகை வீடு. நான் பிறந்ததே அப்படிப்பட்ட வீட்டில்தான், திருப்பாதிரிப்புலியூரில். அதில் எந்த அவமானமும் இல்லை. ஆனால் அக்கா மலையகத்துக்காரர். காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிருந்து கூட்டிப்போன நம் ஜனங்களின் பேத்தி. தோட்டத்தில் அவர்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை அறைகளுக்குப் பெயர் லயம். லைன் என்ற சொல்தான் லயம் ஆனது. ஒரே கூரை, குடும்பத்துக்கு ஒரு அறை, முன்னால் ஒரு திண்ணை. 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் நம் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும் என்று பிரித்தார்கள். அக்காவின் அத்தை அப்படித்தான் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாகக் கோத்தகிரிப் பக்கம் போனவர். "கோத்தகிரி உங்க ஊருக்குப் பக்கமா தங்கச்சி?" என்று முதல் நாளே என்னிடம் கேட்டார். அத்தையை அவர் பார்த்ததே இல்லை. லயத்தில் பிறந்து, கண்டி டவுனுக்கு வந்து, இருபது வருடம் மற்றவர் வீடுகளில் வேலை செய்து, அந்த வீட்டைக் குத்தகைக்கு எடுத்தவர். தினமும் அந்த மூன்று அறைகளையும் அவரே துடைப்பார். போர்வையை முகர்ந்து பார்த்துத்தான் விரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை அவரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஸ்டாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "லைன் வீடுன்னு எழுதியிருக்காரே, நாங்க லயத்து ஆளுங்கன்னு அவருக்கு யாரு சொன்னா? நீங்க சொன்னீங்களா தங்கச்சி?"

உடனே கூப்பிட்டேன். எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேறு, அவர் அதை நினைத்து எழுதவில்லை, நான் யாரிடமும் உங்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று பத்து நிமிடம் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "சரிங்க தங்கச்சி" என்றார். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். வைத்துவிட்டார். நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணா, நீங்கள் தெரிந்து எழுதவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஸ்டாரை மாற்ற வேண்டாம். நம் குழுவில் போட்டதையும் எடுக்க வேண்டாம். அந்தக் கடைசி வரியை மட்டும் அழித்துவிடுங்கள். எடிட் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது. எப்படி என்று தெரியாவிட்டால் சொல்லுங்கள், சாயங்காலம் வீட்டுக்கு வந்து நானே செய்து தருகிறேன்.