கன்னிக்குட்டி கேட்ட தம்பிக்கு

போன வாரம் சாத்தூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருந்தார்: "அண்ணே, நல்ல வேட்டைக்குட்டி ஒண்ணு வேணும். கன்னி எடுக்கவா, சிப்பிப்பாறை எடுக்கவா? எப்படிப் பழக்கணும்?" மாதத்துக்கு நாலு பேர் இதையே கேட்கிறார்கள். அதனால் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

எங்கள் கரிசல் பக்கம் இரண்டும் ஒரே ஈத்தில் விழுந்து பார்த்திருக்கிறேன். கருப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே பழுப்புப் பொட்டு, காலிலும் பழுப்பு என்றால் கன்னி. சாம்பல், செவலை என்று ஒரே நிறமாக இருந்தால் சிப்பிப்பாறை. நிறத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

எங்கள் தாத்தா குட்டி எடுக்கப் போனால் முதலில் தாயைத்தான் பார்ப்பார். திண்ணையில் உட்கார்ந்து ஒரு சொம்பு மோர் குடித்து முடிக்கிற வரைக்கும் வாய் திறக்க மாட்டார். அதற்குள் அந்தப் பெட்டை வந்து அவரை மோந்து பார்த்துவிட்டு நிதானமாகப் படுத்துக்கொண்டால் குட்டிகளைக் கொண்டுவரச் சொல்வார். கட்டிலுக்கு அடியில் ஒடுங்கி நடுங்கினாலோ, ஓயாமல் பாய்ந்து பாய்ந்து குரைத்தாலோ, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். நெஞ்சு ஆழம், ஒட்டிய வயிறு, ஒடுங்கி நீண்ட முகம், விரியாமல் சேர்ந்த விரல்கள், சாட்டை மாதிரி வால், இதெல்லாம் அவருக்கு அப்புறம்தான்.

ராஜபாளையம் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வெள்ளை நிறத்தோடு சில குட்டிகளுக்குக் காது கேளாமையும் சேர்ந்து வரும். குட்டியைத் தனியாகப் பிரித்து வைத்து, அதற்குத் தெரியாமல் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். கூட்டத்தோடு இருக்கும்போது தட்டினால், மற்றவை திரும்புவதைப் பார்த்து அதுவும் திரும்பிவிடும்.

எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். தடுப்பூசி அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். "ஊசியெல்லாம் போட்டாச்சு" என்று ஒரு வியாபாரி வாயால் சொன்னதை நம்பி, 35 நாள் குட்டியை வாங்கி வந்தேன். ஐந்தாம் நாள் ரத்தமாகப் போக ஆரம்பித்தது. பார்வோ என்கிற வைரஸ் நோய். இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

சரி, பழக்குவது. இவை கண்ணால் பார்த்து விரட்டுகிற நாய்கள். எதிரே ஏதாவது ஓடினால் தானாகவே பாயும், அதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பாய்ந்த நாய் திரும்பி வர வேண்டுமே, அதைத்தான் மாதக்கணக்கில் உட்கார்ந்து பழக்க வேண்டும். தாத்தா கேப்பைக்கூழைச் சட்டியில் ஊற்றும்போதெல்லாம் ஒரே மாதிரி ஒரு சீழ்க்கை அடிப்பார். அந்தச் சீழ்க்கையை வேறு எதற்கும் அடிக்க மாட்டார். நாய் எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் கை ஓங்க மாட்டார். வந்ததற்கு அடி விழுந்தால் அடுத்த தடவை எதற்கு வரும்? பேரும் அப்படித்தான். திட்டுவதற்குப் பேரைச் சொல்லக் கூடாது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற நாயை வீரனோடு சேர்த்து வடித்து, 'கோவிவன்' என்று அதன் பேரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். 7ஆம் நூற்றாண்டிலேயே நாயின் பேருக்கு அவ்வளவு மரியாதை இருந்திருக்கிறது.

எனக்கு 22 வயதில் ஒரு செவலை இருந்தது. சீழ்க்கைக்குப் பாதிதான் பழகியிருந்தது. அதன் ஓட்டத்தைப் பார்க்கிற ஆசையில் ஒரு காலையில் நான்குவழிச் சாலைக்குப் பக்கத்துப் பருத்திக்காட்டில் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். முயல் ஒன்று கிளம்பியது. நான் தொண்டை வறளச் சீழ்க்கை அடித்தேன். ஒரு நொடி காதை மட்டும் பின்னால் திருப்பியது, கால் நிற்கவில்லை. முயல் சாலையைத் தாண்டிவிட்டது. செவலை லாரியில் அடிபட்டது. தாத்தா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனார்.

அதனால்தான் சொல்கிறேன், 30 அடிக் கயிறு இல்லாமல் முதல் வருடம் திறந்த வெளிக்குக் கூட்டிப் போகாதீர்கள். மூட்டு முற்றாத குட்டியைப் பைக்குக்குப் பின்னால் ஓடவிடவும் வேண்டாம்.

முயல் பிடிக்கத்தான் குட்டி என்றால் என்னிடம் கேட்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், சொந்தக் காட்டில் பிடித்தாலும் குற்றம்தான். ஆனால் அந்தக் கால்களுக்கு ஓட்டம் வேண்டும். வேலி போட்ட இடத்தில் கயிற்றில் துணியைக் கட்டி வேகமாக இழுத்துப் பாருங்கள், உயிரைக் கொடுத்து ஓடும். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் நம் நாய்களின் பேரைச் சொன்னபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு குட்டி கேட்டு வந்தவர்களில் பாதிப் பேர் மாடிவீட்டில் மூன்றடிச் சங்கிலியில் கட்டத்தான் கேட்டார்கள். ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

தம்பி, எங்கள் பெட்டை தை மாதம் ஈனும். அதற்கு முன்னால் ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள். உங்களிடம் எவ்வளவு இடம் இருக்கிறது, வேலி இருக்கிறதா என்று சொல்லுங்கள். திண்ணையில் உட்கார்ந்து மோர் குடியுங்கள். அது வந்து உங்களை மோந்து பார்க்கட்டும்.